இராஜாஜியும் சாஸ்திரத் தமிழும்

அரசியல் துறையிலே பெரும்புகழ் எய்தியோர் பிற துறைகளில் ஆற்றிய தொண்டு, அப்புகழின் நிழலிலே மறைந்துபோதல் உலக இயற்கை. சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன வேதாரணியத்து உப்பு யாத்திரையும், சென்னை மாகாணத்து முதன்மை மந்திரி பதவியும், இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியுமே. இலக்கிய அன்பர்க்கு வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் நினைவுக்கு வரும். ஆனால், அவர் சேலம் நகரிலே வழக்கறிஞராய் வாழ்ந்த நாளில், இரசாயனம், பௌதிகம், கணிதம், வானநூல், தாவரநூல் முதலிய சாஸ்திரங்களைத் தமிழிலே கற்பிக்கக்கூடுமா என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன்பொருட்டு ஒரு சங்கமே கண்டார் என்பதை அறிந்தோர் சிலரே. அச்சங்கம் தோன்றிய இடம் நம் சேலம். ஆகவே, அப்பெரியாரின் வாழ்க்கையை இவ்வொரு நோக்கிலே வைத்து, கலாசாலை மாணவர்க்குப் பயன்படுமாறு சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் அவ்வூர் முனிசீப், அன்னையார் சிங்காரம்மாள். செல்வக் குடும்பமன்று, ஆயினும் கல்வியை அருமையாகப் போற்றிய குடும்பம். ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்து, பெங்களூர் மத்திய கலாசாலையிலும், பின்னர்ச் சென்னை மாகாணக் கலாசாலையிலும் பயின்று, சட்டத்தில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டில் சேலத்திலே வழக்கறிஞராய் அமர்ந்தார். வேறு எங்கும் செல்லாமல் சேலத்தையே அவர் தேர்ந்துகொண்டது நம் ஊரின் பேறு என்றே கூறவேண்டும்.

சேலத்து நியாயஸ்தலங்களில் அவருடைய புகழ் விரைவிலே பரவிற்று. சொற்களை எடைபோட்டு வழங்குதல், எதிரியின் வாதத்திலுள்ள ஓட்டையை ஒரே நோக்கில் காணுதல், சிக்கலான செய்தியைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கூறுதல் ஆகிய ஆற்றல்கள் வழக்கறிஞர் தொழிலுக்கு மட்டுமன்றி, பின்னாளில் அவர் மேற்கொண்ட எழுத்துத் தொழிலுக்கும் முதலாய் அமைந்தன. அந்நாளில் சேலத்திலே சே. விஜயராகவாச்சாரியார் என்னும் மூத்த தேசபக்தர் விளங்கினார். 1920இல் நாகபுரிக் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் அவர். அத்தகைய சூழலிலே இராஜாஜியின் உள்ளம் தம் வருவாயோடு நில்லாமல் பொதுநலத்தின்பால் சென்றது வியப்பன்று. 1911இல் சேலம் நகரசபையில் உறுப்பினரானார்; 1917 முதல் 1919 வரை அதன் தலைவராய் இருந்தார். இதற்கிடையே, தம் மனைவியாரை இழந்து, மூன்று ஆண்மக்களையும் இரண்டு பெண்மக்களையும் தாமே வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். இத்தனை சுமைகளுக்கு நடுவிலேதான் சாஸ்திரத் தமிழ்ப் பணி தொடங்கிற்று.

அக்காலத்துக் கல்வியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயர்தரப் பள்ளியிலும் கலாசாலையிலும் சாஸ்திரப் பாடங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. இராசிபுரத்திலிருந்தோ பரமத்தியிலிருந்தோ வரும் ஒரு குடியானவர் மகன், நீர் கொதித்து ஆவியாகும் காரணத்தை அறிய வேண்டுமாயின், முதலிலே ஓர் அயல்மொழியின் இலக்கணத்தைக் கற்று முடித்தல் வேண்டும். அம்மொழியிலே தடுமாறியவன் சாஸ்திரத்திலும் மந்தன் எனக் கருதப்பட்டான். தடுமாறாதவனோ, தான் கற்றதைத் தன் தாய்க்கும் தங்கைக்கும் எடுத்துச் சொல்ல வகையறியாது நின்றான். கல்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்தும், அவ்வீட்டார் அனைவரையும் எட்டவில்லை.

இத்தனைக்கும், சேலம் நாமக்கல் சமவெளியிலே வாழ்ந்த மக்கள் சாஸ்திரத்துக்கு அயலார் அல்லர். கஞ்சமலையின் இரும்புக்கல்லை உருக்கிய கொல்லருக்குத் துருத்தியின் காற்றும், உலையின் நிறமும், இரும்பின் பதமும் நன்கு தெரியும். கவலை இறைத்த உழவருக்குச் சாலின் எடையும், உருளையின் உதவியும், எருது இறங்கும் சரிவின் பயனும் தெரியும். தறியில் அமர்ந்த நெசவாளர் பாவு, ஊடை, நாடா, அச்சு என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் வைத்திருந்தார். ஏரிகாத்த ஊரார் மதகு, மடை, கலிங்கு என்னும் சொற்களை அன்றாடம் வழங்கினர். கையிலே தொழிலும் நாவிலே சொல்லும் இருந்தன. அவ்விரண்டையும் இணைத்து, ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்று விளக்கும் நூல்தான் இல்லை.

இக்குறையைப் போக்கும் வழியாக, 1916ஆம் ஆண்டிலே, இராஜாஜியும் வெங்கடசுப்பையர் என்னும் அறிஞரும் பிறரும் கூடித் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைச் சேலத்திலே நிறுவினர். பரிபாஷையாவது, ஒரு சாஸ்திரத்துக்கே உரிய தனிச்சொற்களின் தொகுதி. வழக்கறிஞர் ஒருவர் இப்பணியில் முன்னின்றது பொருத்தமே. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்னும் ஒழுங்கு இல்லையேல் சட்டமும் நில்லாது, சாஸ்திரமும் நில்லாது. இரசாயனம், பௌதிகம், கணிதம், வானநூல், தாவரநூல் ஆகியவற்றிலே வழங்கும் ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களை ஆராய்ந்து, அவற்றை ஒரு பத்திரிகையின் வாயிலாக வெளியிட்டு, அறிஞரின் கருத்தை அறிய முற்பட்டது அச்சங்கம்.

சொல்லாக்கம் எளிய வேலை அன்று. மூன்று வழிகள் எதிர்நின்றன. வடமொழியிலிருந்து சொல்லெடுத்தல் ஒன்று. அவ்வாறு செய்யின் பிற இந்திய மொழிகளோடு ஒத்துச் செல்லலாம். பழந்தமிழ் வேர்களிலிருந்து புதுச்சொல் படைத்தல் மற்றொன்று. அவ்வாறு செய்யின் படிப்பறியாத தமிழருக்கும் சொல்லின் வடிவே பொருளை உணர்த்தும். உலகோர் வழங்கும் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதுதல் மூன்றாவது. அவ்வாறு செய்யின் மேற்படிப்புக்குச் செல்வோர் இருமுறை கற்க வேண்டுவதில்லை. நாம் மூச்சுவிடும் வாயு ஒன்றையே பிராணவாயு என்றும், உயிர்வளி என்றும், ஆக்ஸிஜன் என்றும் மூவகையாலும் இன்றளவும் வழங்கி வருகின்றோம். சேலத்துச் சங்கத்தார் பெரும்பாலும் முதல்வழியைச் சார்ந்தனர். அதே ஆண்டுகளிலே புதுச்சேரியில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியாரும், சாஸ்திரங்கள் யாவும் தமிழிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தி, எளிய தமிழ்ச்சொல் அகப்படுமாயின் அதையும், அகப்படாவிடத்து வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஐரோப்பியப் பெயரையும் ஆளலாம் என்று கருதினார். இவ்வழக்கு இன்னும் முற்றத் தீரவில்லை. தீராமலே பல நூல்கள் எழுதப்பட்டுவிட்டன. எழுதத் தொடங்கியவருக்கு வழக்கு தானே வழிவிடும் என்பதற்கு அதுவே சான்று.

இங்கு ஒரு செய்தியை மறையாது கூறுதல் வேண்டும். சங்கத்தின் பத்திரிகை ஆங்கிலத்திலே நடைபெற்றது. தமிழ்ச் சொற்களைப் பற்றிய ஆராய்ச்சியைக் கற்றோர் ஆங்கிலத்திலேயே செய்தனர். சாஸ்திரம் அறிந்தோர் ஆங்கிலத்திலேயே சிந்திக்கப் பழகியிருந்தமையால் அது அன்று தவிர்க்க அரிதாயிருக்கலாம். எனினும், அதன் விளைவு யாதெனின், சொற்கள் கற்றோரின் மேசையிலே நின்றுவிட்டன. மாணவனின் பலகைக்கு வந்து சேரவில்லை. பத்திரிகையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. சொற்பட்டியல் நெல்விதையைப் போன்றது. பத்தாயத்திலே பூட்டி வைத்தால் பட்டினி தீராது. வயலிலே இறங்கி விதைப்பவர் வேண்டும். சாஸ்திரச் சொல்லுக்கு வயலாவது நூல், விதைப்பவராவார் நூலாசிரியர்.

அத்தகைய நூலாசிரியரைத் தேடி அமர்த்தும் முயற்சி தமிழ்மண்ணில் அதற்கு ஐம்பதாண்டுக்கு முன்னரே நடந்திருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். 1860க்குப் பின்னர்ப் பாடத்தைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். நூல்கள் இல்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் எனத் துறைகளைப் பிரித்துக்கொண்டு, சிலவற்றைத் தாமே மொழிபெயர்த்தார். மற்றவற்றைச் சாப்மன், டான்போர்த், பால் முதலிய தம் மாணவர்களிடம் ஒப்படைத்து எழுதச்செய்து, தாம் சரிபார்த்து அச்சேற்றினார். உடற்கூற்று நூல் 1872இலும், கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875இலும் வெளிவந்தன. நூலை எழுதும்போதே வேண்டிய சொற்களும் பிறந்தன. பின்னரே அவை அகராதியாகத் தொகுக்கப்பட்டன. சேலத்தார் சொல்லிலிருந்து நூலுக்குச் செல்ல எண்ணினர். மானிப்பாயார் நூலிலிருந்து சொல்லுக்குச் சென்றனர். இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு, நூலாசிரியரை அமர்த்துதலே முதல் வேலை என்பது புலப்படும்.

சேலம் ஜில்லாவிலே அன்று அத்தகைய ஆசிரியராதற்குரியார் இல்லாமற் போகவில்லை. பாகல்பட்டியில் 1871இல் பிறந்து, அரசாங்கத்துப் பொதுமராமத்து இலாகாவிலே எஞ்சினீயராய் விளங்கிய பா. வே. மாணிக்க நாயக்கர், தமிழ் எழுத்துக்களின் இயல்பையும் தொழிற்கலைச் சொற்களையும் ஆராய்வதிலே தம் ஓய்வுப்பொழுதைச் செலவிட்டவர். அணையும் பாலமும் கட்டும் கலை தமிழில் எழுதப்பட வேண்டும் என்னும் வேட்கை, அவ்வேலையையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் இருந்தது. 1931இல் அவர் காலமானார். 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் முடிவுற்றது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கைகளால் எழுந்த அவ்வணையின் கணக்கையும் கட்டுமுறையையும் அக்கைகளுக்கு உரியார் தம் மொழியிலே படித்தறிவதற்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதுமாறு எந்த நிறுவனமும் அத்தகையோரை அழைத்து அமர்த்தியதாகத் தெரியவில்லை. ஆற்றல் உண்டு, அழைப்பில்லை. இதுவே அக்காலத்துக் குறை.

மீண்டும் இராஜாஜியின் வரலாற்றுக்கு வருவோம். 1919இல் அவர் சேலத்தை விட்டுச் சென்னை சென்றார். அவ்வாண்டிலே காந்தியடிகள் அவர் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினார். அதன்பின் ஆச்சாரியாரின் வாழ்வு முற்றும் மாறிற்று. வருவாய் மிக்க வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் சிறை புகுந்து, வேலூர்ச் சிறையிலே மூன்று மாதம் கழித்தார். 1925 பிப்ரவரியில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திலே, அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த இடத்திலே, காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வரண்ட ஊரிலே கூரை வீட்டில் வாழ்ந்து, கதர்நூற்றல், தீண்டாமை ஒழித்தல், மதுவிலக்கு ஆகிய பணிகளை மேற்கொண்டார். மழை பொய்த்த ஆண்டுகளிலே சுற்றுப்புறத்து ஏழைகளுக்கு இராட்டினமே கஞ்சி வார்த்தது.

ஆசிரமத்திலிருந்து 1929இல் விமோசனம் என்னும் மாதப் பத்திரிகையை மதுவிலக்கின்பொருட்டு வெளியிட்டார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற இரா. கிருஷ்ணமூர்த்தி அதிலே அவருக்குத் துணையாய் இருந்தார். பத்து இதழ்களே வந்தன. ஆயினும், அப்பத்திரிகை இராஜாஜிக்கு ஒன்றைக் கற்பித்தது எனலாம். சேலத்துச் சங்கத்தின் பத்திரிகையைப் படித்தோர் பட்டதாரிகள். விமோசனத்தைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும் கிராமத்தார். சிறு வாக்கியம், தெரிந்த உவமை, படம், கதை ஆகியவற்றால் அன்றி அவர்தம் செவியை எட்ட இயலாது. நகரத்து அறிஞர் மன்றத்தில் தொடங்கிய எழுத்து, புதுப்பாளையத்திலே திண்ணைக்கு இறங்கி வந்தது.

இதன் பயனைப் பின்வந்த நூல்களிலே காண்கின்றோம். திண்ணை ரசாயனம் என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். இரசாயனம் கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே மட்டுமன்று, நம் வீட்டுத் திண்ணையிலும் பேசத்தக்கது என்பதை அப்பெயரே அறிவிக்கின்றது. தமிழில் முடியுமா என்பது மற்றொரு நூல். சாஸ்திரத்தைத் தமிழிலே சொல்ல இயலாது என்றாரோடு மேடையேறி வாதிடுவதைக்காட்டிலும், சொல்லிக் காட்டிவிடுவதே தக்க மறுமொழி என்று அவர் கண்டார். தாவரங்களின் இல்லறம் என்னும் நூலிலே, மலர்களின் வாழ்வை இல்லறத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். சோக்ரதரின் வரலாற்றையும் மார்க்க அரேலியரின் சிந்தனைகளையும் தமிழாக்கிய அதே பேனாவே அணுவையும் மகரந்தத்தையும் பற்றி எழுதிற்று. இவர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆய்வுக்கூடத்திலே தொழில் செய்தவரும் அல்லர். துறைவல்லார் எழுத முன்வராத இடத்திலே, சட்டம் படித்த ஒருவர் தாமே கற்று, தாமே எழுதினார். அது அவருக்குப் பெருமை. துறைவல்லார்க்கு அது ஒரு நினைவூட்டல்.

1930 ஏப்ரலிலே திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை உப்பு யாத்திரை நடத்தினார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாட்டைப் பாடிக்கொண்டே தொண்டர்கள் நடந்தனர். 1937இல் சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவிலே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஆசிரமத்திலே கண்ட கனவைத் தம் சொந்த ஜில்லாவிலேயே முதலில் சோதித்தார்.

இக்காலத்திலே சொல்லாக்கப் பணி பிறர் கைகளில் வளர்ந்து வந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் எடுத்த முயற்சியால் 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையிலே சொல்லாக்க மாநாடு கூடிற்று. 1938இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. அதிலே தூய தமிழ்ச்சொற்களே பெரிதும் இடம்பெற்றன. சேலத்தார் விட்ட இடத்திலிருந்து, வேறொரு வழியிலே, பணி தொடர்ந்தது.

ஆயினும், அதே 1938இல் இராஜாஜியின் அரசாங்கம் பள்ளிகளிலே ஹிந்தியைக் கட்டாயப் பாடமாக்கிற்று. தமிழ்நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது, பலர் சிறைபுகுந்தனர், நடராசன், தாலமுத்து என்னும் இருவர் சிறைப்பட்டு 1939இல் உயிர் நீத்தனர். 1940இல் அவ்வாணை நீக்கப்பட்டது. சாஸ்திரத்தைத் தாய்மொழியிலே தரவேண்டும் என்று உழைத்தவரே, தாய்மொழிக்குத் தீங்கு செய்தார் என்று பழிக்கப்பட்டார். 1952இல் மீண்டும் முதலமைச்சரானபோது, 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமும் அவ்வாறே பெருங்கண்டனத்துக்கு இலக்காயிற்று. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்திலே பிள்ளைகள் வீட்டுத்தொழிலைப் பழகலாம் என்றது அத்திட்டம். குலத்தொழிலிலேயே ஏழைப்பிள்ளைகளைக் கட்டிவைப்பதாகும் அது என்று மக்கள் கருதினர். 1954இல் அவர் பதவி விலகினார், திட்டமும் கைவிடப்பட்டது. பெரியாரின் வாழ்வை எழுதுவோர் இவற்றை ஒளித்தல் தகாது. தொழிலாளியின் கையறிவையும் நூலறிவையும் இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் நல்லதே. ஆனால் அதற்குரிய வழி, தொழிலாளியின் மகனுக்குப் பள்ளியைக் குறைப்பது அன்று. பள்ளியிலே அவன் மொழியில் நல்ல நூலைக் கொடுப்பதே என்று இன்று நமக்குத் தோன்றுகின்றது.

அந்நல்ல நூல்களை எழுதுவிக்கும் பெருமுயற்சி சுதந்தரம் வந்த காலத்திலே தொடங்கிற்று. அன்றைய கல்வி மந்திரி தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட முற்பட்டு, ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரனை 1948இல் முதன்மை ஆசிரியராக அமர்த்திற்று. முதல் தொகுதி 1954இலும், பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர் கட்டுரை எழுதினர். சேலத்துச் சங்கம் சொற்களைத் தேடிற்று. கலைக்களஞ்சியத்தார் ஆட்களைத் தேடினர். பொருளைத் தேர்ந்து, அளவை வரையறுத்து, துறைவல்லாரிடம் ஒப்படைத்து, வந்த கட்டுரையின் சொற்களை ஒருமைப்படுத்தி, தமிழ்நடையைச் செப்பம் செய்து, மீண்டும் பொருட்பிழை பார்ப்பித்து அச்சேற்றுதல் இத்தகைய பணியின் முறை. துறைவல்லாரிடம் பொருள் உண்டு, சிலருக்குத் தமிழ்நடை கைவருவதில்லை; தமிழ்வல்லாரிடம் நடை உண்டு, பொருள் இல்லை. இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துபவனே பதிப்பாசிரியன். 1916இல் இல்லாதிருந்தது அந்த மேசையே.

இராஜாஜியின் பிற்கால வாழ்வை ஈண்டு விரித்தல் வேண்டா. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை கவர்னர் ஜெனரலாய் இருந்தார். 1954இல் பாரத ரத்தினம் பெற்றார். சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. 1959இல் சுதந்தராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962இல், எண்பத்து மூன்று வயதிலே, வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கென்னடியைக் கண்டு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். இளமையிலே அணுவுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பணியைத் தொடங்கியவர், முதுமையிலே அவ்வணுவின் அழிவாற்றலிலிருந்து உலகைக் காக்க வழி தேடினார். 1972 டிசம்பர் 25ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயது முடிந்த சில நாட்களிலே காலமானார்.

அவர் எழுப்பிய கேள்வியோ இன்னும் வாழ்கின்றது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிலே கற்பிக்கத் தொடங்கிற்று. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் பாடநூல்களைப் பேராசிரியர்களைக் கொண்டு எழுதுவித்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலே பெயர்த்து வெளியிடும் திட்டத்தை மேற்கொண்டது. ஆகவே, அழைப்பில்லை என்னும் பழங்குறை ஓரளவு நீங்கியது எனலாம். ஆனால் பொறியியலும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முன்னாளில் அணை கட்டுவோர் அதன் சிறு மாதிரியைத் தொட்டியிலே அமைத்து, நீரை ஓடவிட்டு, எங்கே அரிக்கும், எங்கே தேங்கும் என்று பார்த்தனர். இந்நாளிலோ கணிப்பொறிக்குள்ளே எண்களாலேயே அணையை எழுப்பி, எண்களாலேயே வெள்ளத்தைப் பாய்ச்சி, சுவரின் ஒவ்வொரு சிறு கூறும் தாங்கும் பாரத்தைக் கணித்துவிடுகின்றனர். பாலம், விசைத்தறி, லாரியின் அடிச்சட்டம் யாவும் செய்யப்படுமுன் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன. இதனைப் பாவனைச் சோதனை எனலாம்.

இக்கலையிலே ஓர் அபாயம் உண்டு. கருவி எப்படியும் ஒரு விடையைத் தந்துவிடும். கொடுத்த எடுகோள் தவறாயினும், வண்ணப்படத்தோடு அழகிய விடை வரும். அது நம்பத்தக்கதா என்று ஆராயும் அறிவு, பொத்தானை அழுத்தப் பழகுவதால் வாராது. இயற்கையின் விதியை ஐயந்திரிபறத் தன் மொழியிலே சிந்திக்கப் பழகினோர்க்கே எளிதில் வரும். நாமக்கல்லிலே லாரிக்குக் கூடு கட்டும் தொழிலாளிக்குச் சட்டம் எங்கே முறியும் என்பது அனுபவத்தால் தெரியும். அவர் மகன் கலாசாலையிலே அதனைக் கணக்கால் அறிகின்றான். தந்தையின் சொல்லும் மகனின் கணக்கும் ஒரே பக்கத்திலே சந்திக்கும் நூல் தமிழிலே எழுதப்படுமாயின், மகன் தன் விடையைத் தந்தையிடம் சரிபார்த்துக்கொள்ளலாம். தந்தையும் தம் அனுபவத்தின் காரணத்தை அறிந்துகொள்ளலாம்.

அத்தகைய நூலை எழுதுவார் யார்? கலாசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் தொழிற்சாலையாரும் கூடி, தலைப்புக்களை வரையறுத்து, தக்காரை அழைத்து, அவர்தம் உழைப்புக்கு உரிய ஊதியமும் அளித்து எழுதச்செய்தல் வேண்டும். இலவசமாய்ச் செய்க என்று தமிழ்ப்பற்றின் பெயரால் கேட்பது நெடுநாள் நடவாது. பொறியியல் கற்ற பழைய மாணவர் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒரே ஓர் அதிகாரத்தை எழுத முன்வருவாராயின், தமிழாசிரியர் அதனைச் செப்பம் செய்யக் காத்திருக்கின்றனர். சொற்கள் போதாவே என்று தயங்க வேண்டுவதில்லை. எழுதுங்கால் சொற்கள் பிறக்கும் என்பதை மானிப்பாய் மெய்ப்பித்தது.

வழக்கறிஞராய் இருந்த ஒருவர், மனைவியை இழந்த துயரும் நகரசபைப் பொறுப்பும் தம்மைச் சூழ்ந்த காலத்திலே, தம் தொழிலுக்குச் சிறிதும் தொடர்பில்லாத இரசாயனச் சொற்களைத் தேடிக் கொண்டிருந்தார். அவர் சங்கம் மறைந்தது, பத்திரிகை நின்றது, அவர் ஆய்ந்த சொற்களிலே பல வழக்கொழிந்தன. ஆனால் தமிழில் முடியுமா என்று கேட்போர்க்கு, முடியும் என்று காட்டும் கடமை, அவருக்குப்பின் சாஸ்திரம் கற்ற தமிழர் ஒவ்வொருவரையும் சார்ந்தது. சேலத்துச் சமவெளியிலே பயிலும் மாணவர் அக்கடமையைத் தம் ஊர்ச்சொத்தாகக் கருதி ஏற்பாராக.